முள்ளிப்புலம் சந்தியில் பதினொரு பலகைகள்

அந்தப் பலகைகளை எண்ணி எழுதிவிடாதேயுங்கோ, பிள்ளை. முதலில் உள்ளே வந்து இருங்கோ. வெயிலில் நின்று படம் எடுத்தது போதும். பதினொன்று இருக்கிறது, நானே சொல்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் உங்களைக் கையில் பிடித்து இழுத்துவந்தேன். கோபிக்க வேண்டாம். போன வருஷம் உங்களை மாதிரித் திட்டங்களைப் பதிய வந்தவரும் இப்படித்தான் சந்தியில் இறங்கினார், பலகைகளைப் படம் எடுத்தார், வாகனத்தில் ஏறினார், போய்விட்டார். வாகனத்துக்குப் பின்னால் ஓடுகிற வயதா எனக்கு? ஐம்பத்தொன்பது. அதனால் இந்த முறை காலை எட்டு மணிக்கே சந்தியில் போய் நின்றுவிட்டேன்.

அந்தக் கதிரை வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் இருங்கோ.

நான் சற்குணதேவி. முள்ளிப்புலம் மாதர் சங்கத் தலைவி. பதினாறு வருஷமாகத் தலைவி. வேறு ஒருவரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்று என் மனுஷன் சொல்வார். கேட்க விட்டால்தானே என்றும் அவரே சொல்வார். அவர் பேச்சை விடுங்கோ.

வசந்தா, ஒரு தேத்தண்ணி போடு. என் மருமகள். நல்ல பிள்ளை, ஒன்றும் கதைக்காது.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குறை. தண்ணீர். எண்பத்துமூன்று குடும்பம், ஒன்பது கிணறு, ஒன்பதும் உப்பு. பின்பக்கம் ஆழமில்லாத பரவைக்கடல். அது கோடையில் வற்றினாலும் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. எங்கள் ஊரில் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை. தலை முழுகினால் மயிர் தும்புக்கட்டை மாதிரி நிற்கும். தண்ணீர் பவுசர் லொறி செவ்வாயும் வெள்ளியும் வரும். வந்தால். வராத நாளில் பெண்கள் சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் கான் கட்டிக்கொண்டு மூன்று கிலோமீற்றர் ஆலடிவெளிக்குப் போகவேண்டும். அங்கே தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. அங்கே குழாய் இருக்கிறது. அங்கே எல்லாம் இருக்கிறது.

ஏன் அங்கே இருக்கிறது, இங்கே இல்லை? அதுதான் கதை.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்த இரண்டாம் வருஷம். கிராம சேவகர் வந்து சொன்னார்: "அக்கா, வெளிநாட்டுக் குழு ஒண்டு வருது. உங்கட ஊரையும் ஆலடிவெளியையும் பாக்கப் போறாங்கள். எது கூடக் கஷ்டப்பட்ட ஊரோ, அதுக்குத் தண்ணித் தாங்கி."

கஷ்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், எனக்கு விளங்கியது. ஆனால் வருகிறவர்கள் விருந்தாளிகள் அல்லவா? கஷ்டப்பட்ட வீடு என்றால் வந்தவனைத் தரையில் இருத்துவதா? நான் டவுனிலுள்ள மரண உதவிச் சங்கத்தில் அறுபது கதிரை எடுப்பித்தேன். முதுகில் சங்கத்தின் பெயர் இருந்தது. அதற்கு மேல் வெள்ளைத் துணி போட்டு மறைத்தோம். சந்தியிலிருந்து பள்ளிக்கூடம் வரை வாழை கட்டினோம். நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு. பெண்கள் எல்லாரும் கூறைச்சேலை கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்போது ஊரில் மிஞ்சியிருந்த கூறைச்சேலை ஒன்பது. பங்கருக்குள் உரப்பையில் சுற்றிப் புதைத்து, திரும்ப வந்து தோண்டி எடுத்தவை. இரண்டில் கறையான் அரித்திருந்தது. அரித்த பக்கத்தை உள்ளே விட்டுக் கட்டச் சொன்னேன். ஒன்பது பேரையும் முன்வரிசையில் நிறுத்தினேன். பிள்ளை, அவர்களைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஓர் ஊர் மாதிரித் தெரிந்தோம்.

சாப்பாடு? நண்டுக் குழம்பு, றால் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி. நண்டுக் குழம்பு நானே வைத்தேன். குடிப்பதற்கு டவுனிலிருந்து இரண்டு பெட்டி போத்தல் தண்ணீர்.

என்ன சிரிக்கிறீர்கள்? தூர தேசத்திலிருந்து வந்த மனுஷனுக்கு எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரையா கொடுப்பது? வாயில் வைக்க முடியாது பிள்ளை!

குழுவுக்குத் தலைவர் ஒரு நெடுத்த வெள்ளைக்காரர். நல்ல மனுஷன். வந்து இருந்ததும் கேட்டார், தண்ணீர் எப்படி என்று. நான் ஒரு போத்தலை மூடி திறந்து நீட்டினேன். "குடியுங்கோ ஐயா." கிணற்றைப் பார்க்கவேண்டும் என்றார். "முதல்ல சாப்பாடு" என்றேன். சாப்பிட்டு முடிய இரண்டரை மணி. கிணற்றடிக்குப் போகிற பாதையில் சேறு, அவருக்கோ புதுச் சப்பாத்து. அடுத்த முறை பார்க்கலாம் ஐயா என்று நானே சொல்லிவிட்டேன். போகும்போது ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து என்னவோ சொன்னார். மொழிபெயர்த்த பெடியன் எழும்பி, "நல்ல செழிப்பான ஊர் எண்டு சொல்லுறார்" என்றான்.

எங்கள் பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அங்கிருந்து நேரே ஆலடிவெளி. அங்கே நிறைகுடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்களுடைய மாதர் சங்கத் தலைவி பரிமளகாந்தி அந்த நேரம் வயலுக்குள் நின்றாளாம். ஒரு குழு வருகிறது என்று தெரிந்தும் வயலுக்குள்! சேற்றுக் காலோடு வந்தாள். வெள்ளைக்காரருக்கு விக்கல். என்னுடைய நண்டுக் குழம்பின் உறைப்பு, வேறென்ன. போத்தல் தண்ணீர் வாகனத்தில் முடிந்துபோயிற்று. பரிமளம் ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளித் தகரப் பேணியில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம்.

விக்கலும் நின்றது. தாங்கியும் அவர்களுக்குப் போனது.

நீங்களே சொல்லுங்கோ. உறைப்பு என்னுடையது, தாங்கி அவளுடையதா?

பரிமளம் யார் என்று சொல்லவில்லை அல்லவா? என் மனுஷனின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு மச்சாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்து வாங்கில் இருந்தவள். என்னைப் பார்த்துத்தான் கணக்குச் செய்வாள். அல்லது நான் அவளைப் பார்த்து. அது எல்லாம் பழைய கதை. காட்டுப்பக்கம் குழாய்க்கிணறு அடித்து, தாங்கி கட்டி, ஊர் முழுக்கக் குழாய் இழுத்தார்கள். குழாய் எல்லைக் கல்லோடு நின்றது. திட்டம் ஆலடிவெளிக்கு, அதனால் தண்ணீரும் ஆலடிவெளிக்குள்தான் ஓடவேண்டுமாம். திறப்புவிழாவுக்கு முதல் நாள் பரிமளம் வெற்றிலைத் தட்டோடு இதே வாசலில் வந்து நின்றாள். "மச்சாள், நீங்கள்தான் வந்து குழாயைத் திறந்துவைக்க வேணும்."

எவ்வளவு நக்கல், பார்த்தீர்களா?

"எங்களுக்கு அலுவல் இருக்கு" என்றேன். தட்டைத் தொடவில்லை. அன்றிலிருந்து கதைப்பதில்லை. ஏழு வருஷம். என் மனுஷன் மட்டும் போய் வருவார். தங்கை வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல நான் என்ன, கல் நெஞ்சுக்காரியா? போய் வந்து அங்கே என்ன சாப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, பலகைக்கு வருகிறேன்.

தாங்கி முடிந்ததும் ஒரு பெரிய பலகை வந்தது. இரண்டு நாட்டுக் கொடி, கை குலுக்குகிற படம், மூன்று மொழியில் எழுத்து. அதை ஆலடிவெளியில் தாங்கிக்குப் பக்கத்தில் நடப் போனார்கள். நான் பிரதேச செயலகத்துக்குப் போனேன். ஒரு நாள் அல்ல, நாலு நாள். "ஐயா, ஆலடிவெளி உள்ளுக்குக் கிடக்கிற ஊர். மாடுதான் பலகையைப் பாக்கும். பெரிய ரோட்டு எங்கட சந்தியாலைதான் போகுது. இவ்வளவு செய்த வெளிநாட்டுக்காரர் வந்து பாக்கேக்குள்ள கண்ணில பட வேண்டாமோ?" என்றேன். நியாயம்தானே? அவர்களும் யோசித்தார்கள். பலகை எங்கள் சந்திக்கு வந்தது.

தாங்கி இல்லாவிட்டால் பலகையாவது. சும்மா இல்லை பிள்ளை, நாலு நாள் நின்று வென்றெடுத்த பலகை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து நட்டோம். என் மனுஷன் தேங்காய்ச் சொட்டைத் தின்றுகொண்டே, "தண்ணி அங்கை, விலாசம் இங்கை" என்றார். அவருக்கு ஊர்ப்பற்று குறைவு.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஒரு பலகை நிற்கிற இடத்தில்தான் அடுத்த பலகையையும் நட்டார்கள். ஆலடிவெளிக்குக் கோழிக்கூடு, பலகை இங்கே. ஆலடிவெளிக்குத் தையல் மெஷின், பலகை இங்கே. மலசலகூடம், பலகை இங்கே. ஒவ்வொன்றுக்கும் நான்தான் இடம் காட்டினேன். நிரை பிசகக்கூடாது அல்லவா? பார்த்தீர்கள்தானே, நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

பிறகு இரண்டாம் குழு வந்தது. இந்த முறை பிழை விடக்கூடாது என்று நினைத்தேன். கஷ்டத்தைக் காட்டுவது என்றால் காட்டுவோம். கதிரைகளை எல்லாம் உள்ளே போட்டுப் பூட்டினோம். கந்தையா அண்ணையின் மோட்டார்சைக்கிளை வைக்கோலுக்குள் புதைத்தோம். பிள்ளைகளுக்குச் சிரிக்கத் தடை. செல்லம்மா அக்காவை முன்னுக்கு இருத்தி, "நீங்கள் அழுதால் போதும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன். அவ கேட்டா: "எதை நினைச்சடி அழுறது? ஒண்டோ ரெண்டோ? எதை முதல் எடுக்கிறது எண்டு தெரியேல்லை." அழவே இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டா.

கேள்வி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: எங்களால ஏலாது.

வந்தது கொழும்பிலிருந்து ஒரு அம்மா. மடிப்புக் கலையாத சேலை, கையில் கோப்பு. இறங்கியதுமே கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கொடுத்தேன். குடித்துவிட்டு, "உப்புத்தான்" என்று சொல்லிச் செம்பைக் கீழே வைத்தா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கேள்வி தொடங்கியது.

"மாதம் ஒரு முறை கூட்டம் வைப்பீர்களா?"

"ஏலாது" என்றது ஊர், ஒரே குரலில்.

"தாங்கி கட்டித் தந்தால் கழுவிப் பராமரிப்பீர்களா?"

"ஏலாது!"

"குழாய் உடைந்தால் யாராவது திருத்துவீர்களா?"

"ஏலாது!" பஜனை மாதிரி வந்தது. எனக்கு ஒரே பெருமை, இவ்வளவு நன்றாகப் பாடமாக்கியிருக்கிறார்களே என்று.

அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, "அப்படியானால் உங்களால் ஏலுமானது என்ன?" என்றா. அதற்குப் பதில் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர் என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து கந்தையா அண்ணை, "ஏலாது எண்டு சொல்ல ஏலும் அம்மா" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, விதி மாறிவிட்டதாம். முதல் குழுவுக்குக் கஷ்டம் வேண்டியிருந்தது. இந்தக் குழுவுக்குத் திறமை வேண்டுமாம். கொடுத்ததை வைத்து நடத்தக்கூடிய ஊருக்குத்தான் கொடுப்பார்களாம். ஆலடிவெளியில் தாங்கிக்கு வருஷா வருஷம் வெள்ளை அடித்திருந்தார்கள், கூட்டக் குறிப்பு எழுதியிருந்தார்கள். தாங்கி இருந்தால் வெள்ளை அடிக்கலாம். இல்லாத தாங்கிக்கு எப்படி அடிப்பது? இதை நான் கேட்டேன். "நல்ல கேள்வி" என்று அந்த அம்மா எழுதிக்கொண்டா. எழுதிக்கொண்டு போய், இரண்டாவது தாங்கியையும் ஆலடிவெளிக்கே கொடுத்தா.

பலகை இங்கே. ஒன்பதாவது.

இனி மூன்றாவது. போன வருஷம். இந்த முறை கஷ்டமும் இல்லை, திறமையும் இல்லை. ஒன்றுமே போகாத ஊர் எதுவோ அதற்குத்தானாம். என் நெஞ்சு குளிர்ந்தது. இதைவிடப் பொருத்தமான ஊர் இந்த மாவட்டத்தில் உண்டா? அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரு தம்பி கணினியில் வரைபடம் காட்டினார். எங்கள் ஊருக்கு மேல் பத்துச் சிவப்புப் பொட்டு. அம்மாளாச்சிக்குக் குங்குமம் சாத்தின மாதிரி. பக்கத்தில் ஆலடிவெளி, பாழ் நெற்றி.

"அம்மா, உங்கட ஊர் நிரம்பிப் போச்சு" என்றார் அந்தத் தம்பி.

"தம்பி, அது பலகையடா!"

"படம் இருக்கே அம்மா. பத்துத் திட்டம், பத்துப் படம், இடம் முள்ளிப்புலம். ஆலடிவெளிக்கு ஒண்டுமே போகேல்லை. பாவம், அந்தச் சனம் என்ன செய்யுதோ."

பிள்ளை, பாவமாம்! இரண்டு தாங்கி, வீட்டுக்கு வீடு குழாய், கோழி முட்டை, தையல் மெஷின், பாவமாம்! உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற பெரிய மெஷின் ஒன்று அவர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே உப்புத் தண்ணீரை யார் இப்போது தொடுகிறார்கள்? பதினொன்றாவது பலகையைக் கொண்டுவந்தவனிடம், வேண்டாம் அப்பு, கொண்டுபோ என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "எல்லாம் இங்கைதானே அம்மா நடுறது" என்று நட்டுவிட்டுப் போனான். என்னைக் கேட்காமல் நட்டதால் அதுதான் கொஞ்சம் சரிந்து நிற்கிறது.

எடுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகிறது.

என்ன? கரிக்கவில்லையா? கரிக்காதுதான். இது கிணற்றுத் தண்ணீர் இல்லை. பவுசரா? பவுசர் போன செவ்வாய்க்குப் பிறகு வரவில்லை. எங்கே அள்ளியது என்று எனக்கு எப்படித் தெரியும்? வசந்தா கொண்டுவருகிறது. நான் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை. அந்தக் குழாயடியில் நான் காலடி வைத்தது கிடையாது. ஏழு வருஷத்தில் ஒரு நாளும் கிடையாது. கோயிலில் போய்ச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

வசந்தா, நீ ஏன் உள்ளுக்கு நின்று சிரிக்கிறாய்?

அது கிடக்கட்டும். இப்போது உங்களுக்கு விளங்கியதுதானே? பலகை பதினொன்று, திட்டம் பூச்சியம். அப்படியே எழுதுங்கோ. என்ன, ஏற்கெனவே தெரியுமா? எப்படித் தெரியும்? யார் சொன்னது?

கடிதமா? கொடுங்கோ பார்ப்போம்.

இது அவளுடைய எழுத்து. எனக்குத் தெரியாதா? 'ற'வுக்கு வால் நீட்டுவாள். இதற்காக ரீச்சரிடம் எத்தனை அடி வாங்கினாள். "பரிமளகாந்தி, தலைவி, ஆலடிவெளி மாதர் சங்கம்." நீங்கள் அங்கே போய்விட்டுத்தான் வருகிறீர்களா? அங்கே தேத்தண்ணி குடித்தீர்களா? சரி, சரி, வாசிக்கிறேன்.

"முள்ளிப்புலம் சந்தியில் உள்ள பதினொரு பலகைகளும் எங்கள் ஊருக்குக் கிடைத்த திட்டங்களுடையவை. அந்த ஊருக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த எண்பத்துமூன்று குடும்பத்துப் பெண்களும் எங்கள் குழாய்க்குச் சைக்கிளில் வருகிறார்கள். இந்தக் கோடையில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை தண்ணீர்க் கானோடு வீதியில் விழுந்து, குறைமாதத்தில் பிள்ளை பெற்றாள்."

அது நிசாந்தினி. எங்கள் சங்கத்துப் பிள்ளை. குழந்தை உயிரோடு இருக்கிறது. உள்ளங்கையளவுதான். இருக்கிறது.

"போன வருஷம் எங்களுக்குத் தந்த சுத்திகரிப்பு மெஷின் உறையும் பிரிக்காமல் கிடக்கிறது. எங்களுக்கு அது தேவையில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்துவிட்டோம். தயவுசெய்து அதை முள்ளிப்புலத்தில் பொருத்திக் கொடுக்கவும். அவர்களால் நடத்த முடியாது என்று முன்னர் எழுதப்பட்டிருப்பதாக அறிகிறோம். அது உண்மை அல்ல. ஒன்றுமே இல்லாத காலத்தில் ஒரே நாளில் அறுபது கதிரையும் நூறு பேருக்குச் சாப்பாடும் ஏற்பாடு செய்தவர் அந்தச் சங்கத் தலைவி. அவரால் எதையும் நடத்த முடியும்."

ம்.

இதை எப்போது எழுதினாள்? தேதி ஆனி மாதம் போட்டிருக்கிறது. இது இரண்டாவது கடிதமா? முதல் கடிதம் எப்போது? முதல் தாங்கி கட்டின வருஷமே எழுதினாளா? குழாயை எல்லைக் கல்லுக்கு இங்காலேயும் விடச் சொல்லியா?

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும், என் மனுஷனுக்கு. அங்கே சாப்பிட்டதைச் சொல்லக்கூடாது என்றால் மிச்சத்தையும் சொல்லாமல் விடுவதா?

கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, பொடி எழுத்து. நீங்கள் வாசியுங்கோ.

"தலைவி சற்குணதேவி எனது மச்சாள். முதல் தரம் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்லுவா. தயவுசெய்து அதைப் பதிவு செய்ய வேண்டாம்."

என்ன எழுத்து இது! அரசாங்கக் கடிதத்தில் எழுதுகிற விஷயமா? பார்த்தீர்களா அவளுடைய கெட்டித்தனத்தை? தங்களுக்குத் தேவையில்லாததை எங்கள் தலையில் கட்டுகிறாள். நாங்கள் என்ன, அவர்கள் மிச்சம் விட்டதில் வாழ்கிறவர்களா?

சம்மதமா என்று கேட்கிறீர்களா? வேண்டாம். எங்களுக்கு வேண்டாம் பிள்ளை. முள்ளிப்புலம் மாதர் சங்கத் தலைவி வேண்டாம் என்று சொன்னா என்று அவளிடம் போய்ச் சொல்லுங்கோ.

என்ன செய்கிறீர்கள்? பைலை ஏன் மூடுகிறீர்கள்? இருங்கோ. பேனையைப் பைக்குள் வைக்காதேயுங்கோ. தேத்தண்ணி இன்னும் பாதி கிடக்கிறது. வசந்தா, அங்கே நிற்காமல் வந்து இதில் நில். நீயும் சாட்சி.

இன்னொருதரம் கேளுங்கோ, பிள்ளை.